ரேஸ் நாட்களில் சந்தனமாரி

மைசூரில் குதிரைகள் ஓடுகிற நாளில் மட்டாஞ்சேரியில் சந்தனமாரிக்கு இருப்புக்கொள்ளாது. காலையிலேயே ஆரம்பித்துவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். பால் பொங்கி வழிந்த வாசனை வந்ததும் உள்ளே ஓடுவாள். மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டு நடந்துவிடுவாள். மதியம் ஆனதும் செல்போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வாள். பஜார் ரோடு, கல்வத்தி, அதைத் தாண்டிப் போர்ட் கொச்சி. கடற்கரை வந்தும் கால் நிற்காவிட்டால் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் ஜங்கார் படகில் ஏறி வைப்பினுக்குப் போவாள். அக்கரையில் இறங்கி, அதே ஜங்காரில் கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே முண்டியடித்துத் திரும்பி ஏறுவாள்.

டிக்கெட் கொடுப்பவர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"சேச்சி, வைப்பினில் ஆரா உள்ளது?"

"ஆருமில்ல."

"பின்னே எந்தினா இங்ஙனெ போணது?"

"இங்க இருக்க முடியல. அதான்."

அவளுடைய ஒரே மகள் சங்கரி குதிரைப் பந்தய ஜாக்கி. மகள் குதிரை மேல் இருக்கும் நேரத்தில் தான் எங்கேயும் இருக்க முடியவில்லை என்பதைத் தாண்டி அந்த நடைக்கு சந்தனமாரி ஒரு காரணமும் சொன்னதில்லை.

சந்தனமாரியும் அவள் கணவன் இசக்கிமுத்துவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தவர்கள். அவன் பஜார் ரோட்டில் மூட்டை இறக்கும் சுமட்டுத் தொழிலாளி. அவள் பழைய யூதர் தெருவான ஜூ டவுன் ஓரத்தில் ஒரு கிடங்கில் சுக்கு பொறுக்கிப் புடைத்துத் தரம் பிரிப்பாள். ரேஸ் வேலை நாளில் வந்துவிட்டால் மேஸ்திரி செல்லப்பா அவளைப் பாதி நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அன்றைக்கு அவள் பொறுக்கிய சுக்கில் கல் இருக்கும் என்பது அவருடைய அனுபவம்.

சங்கரி இங்கேயே பிறந்தவள். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். உடம்பு ஏறவே இல்லை. "நான் பெத்தது பிள்ளையா, குருவிக்குஞ்சா?" என்று சந்தனமாரி முட்டையும் மத்தியும் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பிளஸ் டூ முடித்த சங்கரி போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு வேலைக்குப் போனாள். வேலை முடிந்ததும் கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் ஒரு சாம்பல் நிறக் குதிரையிடம் போய்விடுவாள். கூட்டம் இல்லாத நேரத்தில் குதிரைக்காரர் அவளை ஏறவிடுவார். வீட்டில் இது தெரியாது.

ஒரு மாலை யாரோ கொளுத்திப்போட்ட வெடிக்குக் குதிரை மிரண்டு, முதுகில் ஒரு வடநாட்டுக் குழந்தையோடு, மணலை விட்டு ரோட்டை நோக்கிப் பாய்ந்தது. ஹோட்டல் வாசலில் நின்றிருந்த சங்கரி குறுக்கே ஓடிக் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கினாள். குதிரை அவளைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் அதன் காதோரம் ஏதோ பேசிக்கொண்டே போனாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வரும்போது குதிரை நின்றது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. சங்கரியின் இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோயிருந்தன.

அந்த ஹோட்டலில் தங்கியிருந்து இதைப் பார்த்தவர்களில் வெங்கிடேஸ்வரன் என்ற ஒருவர் இருந்தார். மைசூரில் பந்தயக் குதிரைகளைப் பழக்குகிற ட்ரெயினர். அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் எடை என்ன?"

சங்கரிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எதுக்கு சாருக்கு?"

"ஜாக்கிக்கு எடை இருக்கக் கூடாதும்மா. தைரியம் இருக்கணும். ரெண்டும் சேந்த ஆளைத் தேடித்தான் நாங்க அலையிறோம்."

மகள் மைசூர் போன அந்த மழைக்காலம் முழுக்க சந்தனமாரி அவளோடு போனில் பேசவில்லை. பிறகு பேசினாள். ஆரம்பத்தில் பயப்பட ஒன்றும் இல்லைபோலத்தான் இருந்தது. லாயம் கூட்டுகிறேன், விடியற்காலையில் குதிரைகளை ஓடவிட்டுப் பழக்குகிறேன் என்றுதான் சங்கரி சொல்வாள். லைசென்ஸ் கிடைத்து முதல் பந்தயத்தில் ஏறிய அன்று கிடங்கில் ஒருத்தி தன் போனில் அதைக் காட்டினாள். ஒரு வளைவில் குதிரைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கூட்டமாகத் திரும்பின. அத்தனை கால்களுக்கும் மேலே, நடுவில், மஞ்சள் சட்டையில் ஒரு சின்ன உருவம் சேணத்தில் உட்காராமல் குனிந்து நின்றுகொண்டிருந்தது.

"உக்காரக்கூட இல்லையே," என்றாள் சந்தனமாரி. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அவளுடைய நடை அன்றைக்குத் தொடங்கியதுதான்.

ஜாக்கியாகச் சில வருஷங்கள் சங்கரிக்குச் சுமாராகத்தான் போயின. மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய குதிரைகள் அவளுக்கு வரும். கடிக்கிறது, முரண்டு பிடிக்கிறது, வயசான குதிரைகள். எப்போதாவது ஒன்றில் ஜெயிப்பாள். அதற்குள் மட்டாஞ்சேரியில் ஒரு பேச்சு வந்துவிட்டது: சூதாட்டத்துக்குக் குதிரை ஓட்டுகிறாளாம் அந்தத் தமிழச்சி. சந்தனமாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு இருந்த கவலைக்கு நடுவே இதற்கு இடமில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

வெங்கிடேஸ்வரனின் குதிரைகளை வழக்கமாக ஓட்டும் பெரிய ஜாக்கி அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் ஏறவேண்டிய குதிரைகளை எல்லாம் வெங்கிடேஸ்வரன் சங்கரியிடம் கொடுத்தார். ஐந்து பந்தயம், ஐந்து குதிரை. முதலாவதில் அவள் ஜெயித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதில் கடைசியிலிருந்து வந்து ஜெயித்தாள். மூன்றாவதில் ஜெயித்தது குதிரையின் மூக்களவு வித்தியாசத்தில். நான்காவதற்கு அவள் குதிரையோடு வெளியே வரும்போது, பந்தயப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காத கிழவர்கள்கூட எழுந்து வேலியோரம் வந்தார்களாம். ஐந்தாவது குதிரை பந்தயம் தொடங்கும் கேட்டிலிருந்தே நழுவி எல்லோரையும் விட்டுவிட்டு ஓடியது. ஏறிய எல்லாக் குதிரையிலும் ஜெயிப்பது, அதுவும் ஒரே நாளில் ஐந்து, பெரிய பெரிய ஜாக்கிகளுக்கே ஆயுளில் ஒருமுறை வாய்த்தால் உண்டு.

அந்த நேரம் சந்தனமாரி ஜங்காரில் இருந்தாள். இக்கரையில் இறங்கிக் கல்வத்தி வழியாகத் திரும்பும்போது பழக்கடைக்காரர் கையை ஆட்டிக் கத்தினார்.

"சேச்சீ! மோள் அடிச்சு, கேட்டோ! மோள் அடிச்சு!"

மலையாளத்தில் லாட்டரி விழுந்தாலும் பந்தயம் ஜெயித்தாலும் 'அடிச்சு' என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷமாகக் கேட்கிற வார்த்தை. அன்றைக்கு அவள் காதில் அது தமிழாக விழுந்தது. குதிரை அடித்துவிட்டது, வண்டி அடித்துவிட்டது என்கிற அடி. "ஐயோ" என்று ஒரு சத்தம். பிறகு ஓட்டம்தான். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது. இசக்கிமுத்து யூனியன் ஷெட்டில் கூட்டாளிகளோடு போனில் ரேஸ் பார்ப்பான் என்பது தெரியும். ஷெட்டுக்கு முன்னால் கூட்டம். நீலச்சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளிகள் சேர்ந்து ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தூக்கிவரப்படுவது தன் கணவன்.

சேதி கேட்டு நெஞ்சு அடைத்துவிட்டது, ஆளும் போய்விட்டான் என்றே நினைத்து அவள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

தோள்களுக்கு மேலிருந்து அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "ஏ மாரி! அஞ்சுட்டி! அஞ்சுக்கு அஞ்சு! உம்மக அஞ்சையும் அடிச்சுட்டா!"

சந்தனமாரி எழுந்து போய், கீழே இறக்கிவிடப்பட்ட அவனுடைய சட்டையைப் பிடித்தாள்.

"விழலையே?"

"என்னது?"

"அவ விழலையே?"

"ஏட்டி, ஜெயிச்சுட்டாங்கேன், விழலையாங்கியே! விழுந்தவ எப்படி ஜெயிப்பா?"

அவள் அவன் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதன் பிறகு சானல்காரர்கள் வந்தார்கள், வார்டு கவுன்சிலர் வந்தார். சூதாட்டம் என்று பேசியவர்கள் "எங்கள் சங்கரி" என்று பேசத் தொடங்கினார்கள். எறணாகுளத்திலிருந்து மாளவிகா என்ற பெண் வந்தாள். பாலக்காட்டு ஐயர் குடும்பம். விளையாட்டு நிகழ்ச்சிகள் நடத்தும் கம்பெனி ஒன்றைத் தொடங்கி நடத்துகிறாள். குதிரைப் பந்தயத்தைக் கிரிக்கெட்மாதிரி ஊருக்கு ஒரு டீம் வைத்து நடத்தவேண்டும் என்பது அவள் திட்டம். அந்த வாரம் சங்கரியும் பாராட்டு விழாவுக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். சந்தனமாரி அடுப்படியில் கப்பைக் கிழங்கை நறுக்கிக்கொண்டே இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டாள்.

"இன்னும் பத்து வருஷத்துல பாருங்கோ," என்றாள் மாளவிகா. "கொச்சிக்கு ஒரு டீம், கோழிக்கோட்டுக்கு ஒண்ணு. பந்தயம் கட்டறது கிடையாது. எல்லாம் போன்ல லைவ். கிரிக்கெட்காரன் பேர் தெரியறாப்ல குதிரை பேர் குழந்தைகளுக்குத் தெரியணும். உங்களைப் போல பெண் ஜாக்கிதான் அதுக்கு முகம், கேட்டேளா?"

சங்கரி சிரித்தாள். "நீங்க மைதானத்துக்கு வந்து பாருங்க. பாதி கேலரி காலி. இருக்கிறவங்க எல்லாம் தாத்தாமார். அவங்களும் குதிரையைப் பாக்க மாட்டாங்க, பந்தயப் பணக் கணக்கு ஓடுற பலகையைத்தான் பாப்பாங்க. வருஷா வருஷம் ரெண்டு மூணு லாயம் பூட்டுது. இந்தக் குதிரைங்களோட காலத்துக்குப் பின்னால இந்த வேலையே இருக்குமான்னு எங்களுக்கே தெரியாது."

"அதாக்கும் நான் சொல்றது. ஆள் மாறணும்."

அடுப்படியிலிருந்து சந்தனமாரியின் குரல் வந்தது. "மூடினா மூடட்டுமே."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லா லாயத்தையும் பூட்டட்டும். அந்த மைதானத்துல வீடு கட்டட்டும். நல்லதுதானே?"

 சங்கரி எழுந்து வந்து அம்மாவின் எதிரே குந்தினாள்.

"மூடினா நான் எங்கம்மா போவேன்? ஹோட்டல் மேசைக்கா?"

சந்தனமாரி கத்தியை வைத்துவிட்டாள். வருஷக்கணக்காகத் தான் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. பந்தயம் என்ற ஒன்றே இல்லாமல் போகவேண்டும். மகள் முழுசாக வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் எதிரே குந்தியிருந்தவளின் கண்ணைப் பார்த்தால், அப்படி வருகிறவள் முழுசாக வரமாட்டாள் என்று தெரிந்தது.

"ஏம்மா, ஒரு தடவையாச்சும் நான் ஓட்டறதப் பாத்திருக்கியா நீ?"

"ஒருக்கா பாத்தேன்."

"முழுசா?"

சந்தனமாரி நறுக்கிய துண்டுகளை அள்ளிப் பானையில் போட்டாள்.

"அடுத்த மாசம் பெரிய ரேஸ் இருக்கு. மாளவிகா இங்க ஸ்கூல் கிரவுண்டுல ஸ்கிரீன் கட்டறேங்கிறா. எனக்காக அங்க வந்து உக்காரு. ஒரே ஒரு தடவை. நான் என்ன செய்யறேன்னே உனக்குத் தெரியாது."

அம்மா சரி என்றாள். சொல்லிவிட்டு அந்த மாதம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை. கிடங்கில் கல்லும் சுக்கும் கலந்துகொண்டே இருந்தன.  செல்லப்பா வாங்கி வைத்த சாயா அவள் பக்கத்தில் ஆறிப்போய்க் கிடக்கும்.

அந்த நாளில் பள்ளி மைதானத்தில் மாளவிகாவே எதிர்பார்க்காத கூட்டம். சுமட்டுத் தொழிலாளிகள், கிடங்குப் பெண்கள், ஜூ டவுன் கடைக்காரர்கள், கடைகளுக்கு வந்த வெள்ளைக்காரர்கள், பள்ளிப் பெண்கள். முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சந்தனமாரியை உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் கைகளை நாற்காலியின் அடிப்பாகத்தில் கோத்துக்கொண்டாள். எழுந்துவிடாமல் தன்னைத் தானே பிடித்துவைத்துக்கொண்டதுபோல இருந்தது. பக்கத்தில் இசக்கிமுத்து, "பச்சைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அதுதான் நம்ம பிள்ளை" என்று காட்டினான்.

சங்கரி ஏறியிருந்த குதிரையின் பெயர் ரெயின் குயின். கறுப்பும் அல்லாத பழுப்பும் அல்லாத ஒரு பெண் குதிரை. கேட் திறந்தது. சந்தனமாரி கண்ணை மூடவில்லை. கூட்டமாகப் போன குதிரைகளின் நடுவிலிருந்து பச்சைச் சட்டை மெல்ல மெல்ல வெளிப்பக்கம் விலகுவதையும், இடைவெளி பார்த்துக் காத்திருப்பதையும் அவள் பார்த்தாள். மகள் குதிரையை அடிக்கவே இல்லை. கழுத்தின் மேல் கைகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு அதோடு சேர்ந்தே மூச்சுவிடுவதுபோல இருந்தாள். 'இதைத்தானா செய்கிறாள்' என்று ஒரு நொடி சந்தனமாரிக்குத் தோன்றியது. கைகள் நாற்காலியை விட்டன.

கடைசி வளைவில் முன்னால் போன குதிரை ஒன்று கால் இடறிச் சரிந்தது. அதன் மேல் மோதி ரெயின் குயின் தலைகுப்புறப் போனது. பச்சைச் சட்டை காற்றில் ஒருமுறை தெரிந்து மண்ணுக்குள் மறைந்தது. பின்னால் வந்த குதிரைகள் பிரிந்து ஓடின.

காட்சி அங்கே வெட்டுப்பட்டது. திரையில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்தது.

 மாளவிகா மைக்கைக் கையில் எடுத்தாள், திரும்பக் கீழே வைத்தாள். சந்தனமாரி எழுந்து நேராகத் திரைக்குப் போனாள். கழுத்து நிறைய நகை போட்ட பெண் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெளிச்சம் அவள் சேலை மேல் மஞ்சளும் சிவப்புமாக ஓடியது.

"எங்கட்டீ போன?" என்றாள். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது கேட்டது.

இசக்கிமுத்துவின் போன் அடிக்கும்வரை யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை. அழைத்தது வெங்கிடேஸ்வரன். தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது, விலாவில் அடி, நினைவு இருக்கிறது, பேசுகிறாள். இசக்கிமுத்து அதைத் திரும்பச் சொல்லும்போது அழுதுவிட்டான். சந்தனமாரி அழவில்லை. "பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

மைசூர் போகும் வழி முழுக்க அவள் மகளிடம் சொல்லவேண்டியதைத் தயார்செய்துகொண்டே போனாள். போதும்டி. அஞ்சு ஜெயிச்சாச்சு, ஊரே பாத்தாச்சு, இனி போதும். எப்படிச் சொல்வது, எங்கே குரலை உயர்த்துவது, எங்கே கையைப் பிடிப்பது என்றுகூட அவள் யோசித்துவைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட தோளோடு சங்கரி சாய்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "அம்மா, ரெயின் குயினைப் பாத்தியா?"

"நான் எதுக்குட்டி அதப் பாக்கேன்? ஒன்னயப் பாக்க வந்தேன்."

"நல்லாருக்கு, நல்லாருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எங்கிட்ட உண்மையச் சொல்ல மாட்டாங்கம்மா. கால் போயிருந்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நீ போய்ப் பாத்துட்டு வா. நீ பொய் சொல்ல மாட்ட."

 சந்தனமாரி வெங்கிடேஸ்வரனின் காரில் லாயத்துக்குப் போனாள்.

பந்தயக் குதிரையை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. இத்தனை உயரம் என்று நினைக்கவில்லை. முன்னங்கால் ஒன்றில் கட்டு; நெற்றியில் தோல் வழண்டு மருந்து பூசியிருந்தது. குதிரை நின்ற இடத்திலேயே எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தது. தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவர், "எலும்பு உடையல. ஆனா நேத்துலேருந்து இப்படித்தாம்மா. தீனி எடுக்கல. ஒரு நிமிஷம் சும்மா நிக்கல" என்றார்.

சந்தனமாரி கதவுக்கு இந்தப்புறம் நின்றாள். கோபமாகப் பேசத்தான் வாயைத் திறந்தாள், வந்ததோ வேறு.

"ஒனக்கும் பேடியா?" என்று பயத்துக்கு உள்ள மலையாளச் சொல்லிலேயே குதிரையிடம் கேட்டாள். "விழுந்தது நீ வேணும்னா விழுந்த? முன்னால போனது இடறிச்சு, நீ என்ன செய்வ."

குதிரை காதைத் திருப்பியது. அவள் அதன் கழுத்தில் கையை வைத்தாள். தோலுக்குக் கீழே ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அது அடங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. நடுக்கம் அடங்கவும் வெகுநேரம் ஆயிற்று. திரும்பும்போது வாளியில் இருந்த தீனியை அது மோந்துபார்த்து ஒரு வாய் தின்றது.

"நாலு காலையும் ஊணித்தான் நிக்குது," என்று மகளிடம் வந்து சொன்னாள். "ஒரு கால்ல கட்டு. எலும்பு உடையல. ஆனா நிம்மதியா நிக்கல. கொஞ்சம் தின்னுச்சு."

சங்கரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. போதும்டி என்ற சொல்லை சந்தனமாரி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இசக்கிமுத்து கேட்டதற்கு, "சொன்னா கேப்பா. அதான் பேடி" என்றாள்.

எலும்பு கூடச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களை சங்கரி மட்டாஞ்சேரி வீட்டில் கழித்தாள். அம்மாவைப் பார்த்து அவளும் நடக்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் ஒன்றுமே பேசாமல் தோப்பும்படிப் பாலம்வரை போய்விட்டு வருவார்கள். மாளவிகாவின் டீம் திட்டமும் அந்த மாதங்களில் தள்ளாடியது. விழுந்ததைக் கண்முன்னால் பார்த்த பிறகு சிலர் ஒதுங்கிவிட்டார்கள். அடுத்து அவள் திரை கட்டியபோது கூட்டம் பாதிகூட இல்லை. "நின்னுபோகாது சேச்சி, ஆனா எப்போ ஓடும்னு கேட்டா சொல்லத் தெரியல்லே" என்று சந்தனமாரியிடம் ஒருநாள் ஒப்புக்கொண்டாள். முகம் வாடியிருந்தது. சந்தனமாரி அவளுக்கு மீன் கறியும் சோறும் போடப் போய், அவள் மீன் சாப்பிடமாட்டாள் என்று ஞாபகம் வந்து, அவசரமாகப் பயறு வேகவைத்தாள்.

சங்கரி மறுபடி ஏறிய நாளில் சந்தனமாரி மைசூர் மைதானத்திலேயே இருந்தாள். மகள் கூப்பிடவில்லை, தானே வந்தாள். கேலரியில் பாதி காலிதான். அவள் அங்கே உட்காரவில்லை. குதிரைகளைச் சுற்றிக்காட்டும் இடத்துக்கும் வேலிக்கும் நடுவே நின்று பார்த்தபோது ஒன்று கவனித்தாள். குதிரையோடு சம்பந்தப்பட்ட எவரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. சொந்தக்காரர்கள் புல்வெளியில் குறுக்கும் நெடுக்கும் போனார்கள். வெங்கிடேஸ்வரன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே ஒரு தூணைச் சுற்றினார். குதிரைக்காரர்கள் காலி கடிவாளங்களைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரமாக அலைந்தார்கள். அவளும் அவர்களுக்குள் ஒருத்தியாக நடந்தாள். யாரும் அவளை விநோதமாகப் பார்க்கவில்லை.

கேட் திறந்தபோது அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள். குதிரைகள் எதிரே கடந்தபோது தரை அதிர்ந்தது. அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறியது. போனில் அது தெரியாது, திரையிலும் தெரியவில்லை. சங்கரி நான்காவதாக வந்தாள். திரும்பிவரும்போது முகமெல்லாம் மண்ணாக வேலியோரம் குதிரையை ஒதுக்கி, "பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். முழுசா."

"எப்படி?"

"அந்த வளைவுல கொஞ்சம் உள்ள போயிருக்கலாம்," என்றாள் சந்தனமாரி.

சங்கரி சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டு ஒரு எட்டு விலகியது.

இப்போது சந்தனமாரிக்கு அமைதி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எல்லா ரேஸுக்கும் அவளால் மைசூர் போகமுடியாது. போகாத நாளில் மட்டாஞ்சேரித் தெருக்களில்தான் இருப்பாள். ஒரு வித்தியாசம், போனை இப்போது கையில் எடுத்துக்கொண்டு போகிறாள். பார்க்கமாட்டாள், ஆனால் அடித்தால் எடுப்பாள்.

கிடங்கில் அவளோடு சுக்கு பொறுக்கும் ஸ்வர்ணலதா போன தை மாதம் ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பள்ளி மைதானத்தில் அன்று அந்தப் பெண்ணும் இருந்தாளாம். சங்கரி விழுந்ததைப் பார்த்துவிட்டும், மறுநாளிலிருந்து குதிரை குதிரை என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. பெண் வாசற்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை. ஸ்வர்ணலதா மட்டும் வந்து கிட்டத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்கு அந்தப் பேடி எப்பவாச்சும் போச்சா?"

 ஆறுதலாக ஏதாவது சொல்லலாம்தான்.

"போவல. போவாது."

"பின்ன எப்படி அனுப்பறது?"

"நான் அனுப்பல லதா. அவ போனா. நான் பொறவுதான் அவளக் கண்டேன்." வாசலில் நின்ற பெண்ணை ஒருமுறை பார்த்தாள். "சங்கரி நம்பர் தாரேன். அவட்ட நேராக் கேளு. நல்லது மட்டும் சொல்ல மாட்டா, விழுறதயும் சொல்லுவா. எல்லாம் கேட்டுட்டு வீட்டுல எல்லாருமாச் சேந்து பேசுங்க. எங்கிட்டயோ மாளவிகாட்டயோ கேட்டு முடிவு பண்ணாத."

ஸ்வர்ணலதா நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மாதம் அந்தப் பேச்சே இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்போல என்று சந்தனமாரி நினைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு நிம்மதியும் இருந்தது, அந்த நிம்மதி அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

மழைக்கு முன்பாகவே அந்தப் பெண் மைசூர் போய்ச்சேர்ந்துவிட்டாள். இன்னும் பந்தயத்தில் ஏறவில்லை. விடியற்காலையில் லாயம் கூட்டுகிறாள். குதிரை ஒன்று தோளில் கடித்துவிட்டதாம். அதற்கு அழுததற்காக சங்கரியிடம் திட்டு வாங்கினாளாம். ஸ்வர்ணலதா கிடங்கில் சந்தனமாரிக்கு எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறாள். செல்லப்பா இப்போது இரண்டு பேருடைய சுக்கையும் இன்னொரு தடவை புடைக்கச் சொல்கிறார்.